ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு போங்கள்

ஸ்கேன் அறை: வாசகர் கேள்வி பதில்

சி.டி. (எக்ஸ்-கதிரால் உடலை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஸ்கேன்) படத்தில் தெரியும் உடலின் குறுக்குவெட்டை எப்படிப் படிப்பது என்று கேட்டு இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் கதிரியல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் எழுதியவை. மதுரையில் பல வருடம் சி.டி. கான்சோலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு அதையே பாடமாக எடுத்தவள் நான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. அதனால் இந்த இதழை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

*

முதலாம் ஆண்டில் உடற்கூறியலில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். எலும்பு, உறுப்பு எல்லாம் தெரியும். ஆனால் சி.டி. படத்தில் சாம்பல் நிறத்தில் வட்டம் வட்டமாகத்தான் தெரிகிறது. அட்லஸைப் பார்த்து ஒவ்வொரு படமாக மனப்பாடம் செய்கிறேன். அடுத்த நோயாளியின் ஸ்கேனில் எல்லாம் மாறிவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
– இரண்டாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி

மனப்பாடத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அட்லஸில் இருப்பது யாரோ ஒருவருடைய உடல். உங்கள் மேசையில் படுப்பவர் வேறொருவர். அவர் ஒல்லியாக இருப்பார், முதுகு வளைந்திருக்கும், மூச்சை வேறு அளவில் இழுத்திருப்பார். படத்தோடு படத்தை வைத்து ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது.

முதலில் திசை. மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியைக் கால்மாட்டில் நின்று பார்ப்பதுபோல சி.டி.யின் குறுக்குவெட்டுப் படம் அமைந்திருக்கும். வயிறு மேலே, முதுகு கீழே. நோயாளியின் வலப்பக்கம் திரையில் உங்கள் இடப்பக்கத்தில் வரும். ஆகவே கல்லீரல் திரையின் இடப்பக்கம், மண்ணீரல் வலப்பக்கம். இது யோசிக்காமல் வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றது எதுவும் ஏறாது. பழகும் வரை இனி எல்லாத் திசையையும் நோயாளியின் வலம், நோயாளியின் இடம் என்றே சொல்லிப் பழகுங்கள். நானும் கீழே அப்படித்தான் எழுதுகிறேன்.

அப்புறம் ஒரு குழாயைப் பிடியுங்கள். நான் எப்போதும் அயோர்ட்டாவில், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில், தொடங்கச் சொல்வேன். கண்டுபிடிக்கச் சுலபமான இடம் வயிறு. முதுகெலும்புக்கு நேர் முன்னால், சற்றே இடப்பக்கம் தள்ளி, உருண்டையாக ஒரு வட்டம் இருக்கும். அதுதான் அயோர்ட்டா. அதற்கு வலப்பக்கத்தில் கொஞ்சம் தட்டையாக இருப்பது ஐ.வி.சி., உடலின் கீழ்ப்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெருஞ்சிரை. இப்போது அயோர்ட்டாவிலிருந்து கண்ணை எடுக்காமல் மவுஸை உருட்டித் தலைப்பக்கமாகப் போங்கள்.

உதரவிதானத்தின் இரண்டு கால்களுக்கு (முதுகெலும்பைப் பற்றியிருக்கும் அதன் தசைப் பட்டைகளுக்கு) நடுவே அது நுழையும். மார்புக்குள் வந்ததும் முதுகெலும்பின் இடப்பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். முன்னால் இதயம் வரும், இதயத்தின் அறைகள் ஒவ்வொன்றாக மாறும். நீங்கள் அந்தப் பின்வட்டத்தை மட்டும் விடாதீர்கள். இதயத்தின் மேற்பகுதிக்கு வரும்போது முன்னால் இன்னொரு வட்டம் தோன்றும். அது மேலேறும் அயோர்ட்டா. இப்போது ஒரே குழாய் ஒரே படத்தில் இரண்டு வட்டமாகத் தெரிகிறது. இன்னும் மேலே போனால் இரண்டும் சேர்ந்து, முன்னிருந்து பின்னாகச் சாய்ந்த ஒரே நீளப் பட்டை ஆகிவிடும். அதுதான் வளைவு. அதற்கும் மேலே பட்டை மறைந்து, தலைக்கும் கைகளுக்கும் போகும் அதன் கிளைகளாக மூன்று சின்ன வட்டங்கள் வரும். வலத்திலிருந்து இடமாக அவை பிரேக்கியோசெஃபாலிக் தமனி, இடது கரோட்டிட், இடது சப்கிளேவியன். அவற்றின் முன்பக்கமாக இரண்டு பிரேக்கியோசெஃபாலிக் சிரைகள். ஆக மொத்தம் ஐந்து குழாய்கள், நடுவில் காற்று நிரம்பிக் கறுப்பாக மூச்சுக்குழாய், அதன் பின்னால் ஒட்டினாற்போல உணவுக்குழாய்.

முருங்கைக்காயைக் குறுக்கே நறுக்கினால் வட்டம், சாய்த்து நறுக்கினால் நீள்வட்டம், நீளவாக்கில் பிளந்தால் பட்டை. குறுக்குவெட்டில் நீங்கள் பார்ப்பது அவ்வளவுதான். படத்தில் தெரியும் வடிவம், அந்த இடத்தில் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைச் சொல்கிறது. ஒரு தடவை இப்படிப் போய்வந்துவிட்டால், தனியாக ஒரு படத்தைக் காட்டினாலும் இந்த வட்டம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

அயோர்ட்டா கைவந்ததும் ஐ.வி.சி.யைப் பிடித்து இதயத்தின் வலது மேலறை வரை போங்கள். மூச்சுக்குழாயைப் பிடித்து நுரையீரலுக்குள் அது பிரிந்து பிரிந்து போவதைப் பாருங்கள். உணவுக்குழாயைப் பிடித்து இரைப்பை வரை போங்கள். குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையைப் பிடித்துக் கல்லீரலுக்குள் நுழையுங்கள். அவசரம் வேண்டாம், ஒரு வாரத்துக்கு ஒரு குழாய் போதும்.

இதனால் இன்னொரு பலனும் உண்டு. நெறிக்கட்டியும் குறுக்குவெட்டில் வட்டம், இரத்தக் குழாயும் வட்டம். கான்ட்ராஸ்ட் (குழாய்களைப் பளிச்சென்று காட்ட ஊசியில் செலுத்தும் மருந்து) போடாத ஸ்கேனில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். மேலும் கீழும் உருட்டிப் பார்க்கும்போது நீண்டுகொண்டே போனால் குழாய். சில படங்களில் தோன்றி அப்படியே மறைந்துபோனால் நெறிக்கட்டியா என்று சந்தேகப்பட வேண்டும். நுரையீரலில் தெரியும் சின்ன வெள்ளைப் புள்ளிக்கும் இதே சோதனைதான்.

*

சீலியாக் தமனி டி12 மட்டத்தில் கிளம்புகிறது என்று புத்தகத்தில் இருக்கிறது. வகுப்பில் காட்டிய ஸ்கேனில் எல்1 மட்டத்தில் இருந்தது. எதை நம்புவது?
– மாணவர், சேலம்

தேர்வில் புத்தகத்தை எழுதுங்கள், ஸ்கேனில் கண்ணை நம்புங்கள்.

புத்தகக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. டி என்றால் மார்புப் பகுதி முதுகெலும்பு, எல் என்றால் இடுப்புப் பகுதி முதுகெலும்பு, எண் மேலிருந்து கீழாக. மார்பெலும்பின் கோணத்துக்கு நேராக டி4–டி5. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிவது ஏறக்குறைய அங்கேதான். உதரவிதானத்தை ஐ.வி.சி. கடப்பது டி8, உணவுக்குழாய் டி10, அயோர்ட்டா டி12. வயிற்றில் இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்குப் போகும் சீலியாக் டி12, குடலுக்குப் போகும் மேல் தமனியான எஸ்.எம்.ஏ. எல்1, சிறுநீரகத் தமனிகள் எல்1–எல்2, குடலின் கீழ்த் தமனியான ஐ.எம்.ஏ. எல்3. அயோர்ட்டா இரண்டாகப் பிரிவது எல்4. ஐ.வி.சி. உருவாவது எல்5.

ஆனால் இந்தக் கணக்கில் பெரும்பகுதி இறந்த உடல்களை அறுத்துப் பார்த்துப் போட்டது. உயிரோடு இருப்பவர் மூச்சை இழுத்துப் பிடிக்கும்போது உதரவிதானம் இறங்கும், அதோடு கல்லீரலும் சிறுநீரகமும் இறங்கும். வயதாக ஆக அயோர்ட்டா நீண்டு வளையும். சிலருக்கு இடுப்பு முதுகெலும்பின் கடைசி எலும்பு கீழே உள்ள சேக்ரத்தோடு ஒட்டியிருக்கும், அவர்களுக்கு எண்ணிக்கையே குழம்பும். அதனால் மட்டம் என்பதை ஊரின் பெயர்ப் பலகை அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டு எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எஸ்.எம்.ஏ.வை அடையாளம் காண அது எந்த எலும்புக்கு நேரே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அயோர்ட்டாவின் முன்பக்கத்தில் சீலியாக்குக்கு அடுத்துக் கீழே கிளம்பும் கிளை, சுற்றிலும் கொழுப்பு வளையம் என்பதே போதும்.

*

கணையம் எனக்குக் கிடைப்பதே இல்லை. கல்லீரல், சிறுநீரகம், மண்ணீரல் எல்லாம் காட்டிவிடுவேன். கணையத்தைக் கேட்டால் குடலைக் காட்டிவிடுகிறேன். ஒரே படத்தில் முழுக் கணையமும் தெரிவது எங்கே?
– மாணவி, தஞ்சாவூர்

பெரும்பாலானவர்களுக்கு எந்தப் படத்திலும் முழுதாகத் தெரியாது. உங்கள் சிரமமே அங்கேதான் தொடங்குகிறது. புத்தகத்தில் முன்னிருந்து பார்த்த மாதிரி, குறுக்கே படுத்த ஓர் உறுப்பாக வரைந்திருப்பார்கள். உண்மையில் வால் பகுதி மண்ணீரலை நோக்கி மேலேறியிருக்கும். தலைப்பகுதி கீழே இறங்கி டியோடினத்தின் (சிறுகுடலின் முதல் பகுதியின்) வளைவுக்குள் உட்கார்ந்திருக்கும். குறுக்கே வெட்டினால் வால் ஒரு படத்தில், உடல் அதற்குக் கீழே இன்னொன்றில், தலை இன்னும் கீழே என்று துண்டு துண்டாகத்தான் வரும். அதனால் கணையத்தை நேராகத் தேடாதீர்கள். பக்கத்தில் ஓடும் குழாய்களைப் பிடித்துப் போங்கள், அது தானே கிடைக்கும்.

மண்ணீரலின் உள்பக்கக் குழியில் தொடங்குங்கள். அங்கிருந்து கிளம்பி நடுப்பக்கமாக வரும் ஸ்ப்ளீனிக் சிரையைப் பிடியுங்கள். போர்ட்டல் கட்டத்தில், அதாவது கான்ட்ராஸ்ட் செலுத்தி ஏறக்குறைய 70 விநாடியில் எடுத்த படத்தில், அது பளிச்சென்று தெரியும். அந்தச் சிரைக்கு முன்னால் ஒட்டினாற்போல, ஓரம் சற்று மேடுபள்ளமாக, சிரையைவிட மங்கலான சாம்பலில் ஒரு திசு கூடவே வரும். அதுதான் கணையத்தின் வாலும் உடலும். ஸ்ப்ளீனிக் தமனியைப் பிடிக்க வேண்டாம். அது நெளிந்து நெளிந்து படத்துக்குப் படம் மறையும், வழி தவறிவிடும். சிரை ஓரளவு நேராக வரும்.

அப்படியே நடுப்பக்கம் வந்தால் ஸ்ப்ளீனிக் சிரை, குடலிலிருந்து வரும் சிரையான எஸ்.எம்.வி.யோடு சேர்ந்து போர்ட்டல் சிரை ஆகும் இடத்தை அடைவீர்கள். அந்தச் சங்கமத்துக்கு முன்னால் இருப்பது கணையத்தின் கழுத்து. இங்கே நின்று பின்பக்கம் பாருங்கள். சிரைக்குப் பின்னால், கொஞ்சம் இடப்பக்கமாக, சுற்றிலும் கறுத்த கொழுப்பு வளையத்தோடு ஒரு சின்ன வட்டம் இருக்கும். அதுதான் எஸ்.எம்.ஏ. அதற்கும் பின்னால் அயோர்ட்டா. வயிற்றுக் குறுக்குவெட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இங்கிருந்து எல்லா இடத்துக்கும் வழி உண்டு.

இனி காலை நோக்கி இறங்குங்கள். எஸ்.எம்.ஏ.வுக்கும் அயோர்ட்டாவுக்கும் நடுவே இடது சிறுநீரகச் சிரை குறுக்கே கடந்து ஐ.வி.சி.யில் சேரும். ஏறத்தாழ அந்த மட்டத்தில் எஸ்.எம்.வி.க்கு வலப்பக்கம் கணையத்தின் தலை இருக்கும். அதற்கும் வலப்பக்கம் டியோடினத்தின் இரண்டாம் பகுதி. தலையின் பின்பகுதியில் சின்னதாக, கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அது பித்த நாளம். தலையிலிருந்து ஒரு சின்ன நாக்கு எஸ்.எம்.வி.க்குப் பின்னால் நுழைந்திருக்கும். அன்சினேட் என்று படித்திருப்பீர்களே, அது இதுதான். இன்னும் இறங்கினால் டியோடினத்தின் மூன்றாம் பகுதி, எஸ்.எம்.ஏ.வுக்கும் அயோர்ட்டாவுக்கும் நடுவே புகுந்து இடப்பக்கம் போகும். அது வந்துவிட்டால் கணையம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

குடலா கணையமா என்ற சந்தேகத்துக்கும் இதே வழிதான். குடல் என்றால் உருட்டும்போது எங்கோ காற்றோ திரவமோ உள்ளே தெரியும், சுவர் தனியாகப் பிரியும். ஸ்கேனுக்கு முன் தண்ணீரோ வாய்வழிக் கான்ட்ராஸ்டோ குடிக்கக் கொடுத்திருந்தால் இன்னும் சுலபம். வயதானவர்களிடம் கணையம் சுருங்கி, இடையிடையே கொழுப்புப் புகுந்து, இறகு மாதிரிப் பிரிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு இது கணையமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிரை சொல்வதைக் கேளுங்கள்.

போகிற போக்கில் ஒன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். எஸ்.எம்.வி. சாதாரணமாக எஸ்.எம்.ஏ.வுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். இரண்டும் இடம் மாறியிருந்தால், குடல் கருவிலேயே சரியாகச் சுழலாமல் போயிருக்கலாம். வயிற்று வலியோடு வரும் ஒரு குழந்தைக்கு இந்த ஒரு கவனிப்பு பெரிய உதவி.

*

சி.டி.யில் எலும்பு வெள்ளை, எம்.ஆர்.ஐ.யில் கறுப்பு. திரவம் ஒரு படத்தில் கறுப்பு, இன்னொரு படத்தில் வெள்ளை. குழப்பமாக இருக்கிறது.
– மாணவர், கோயம்புத்தூர்

நிறத்தை வைத்து உறுப்பைத் தேடுவதால் வரும் குழப்பம் இது. இடத்தை வைத்துத் தேடுங்கள். எம்.ஆர்.ஐ.யில் நிறம் என்பது எந்த முறையில் எடுத்தோம் என்பதைப் பொறுத்தது. இங்கே டி1, டி2 என்பவை படமெடுக்கும் முறைகள், முதுகெலும்பு எண் இல்லை. டி1 படத்தில் கொழுப்பு வெளுப்பு, திரவம் கறுப்பு. டி2 படத்தில் திரவம் வெளுப்பு. எந்தப் படத்தைத் திறந்தாலும் முதலில் தண்டுவடத் திரவத்தைப் பாருங்கள். அது வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் டி2 என்று தெரிந்துவிடும். எலும்பின் கெட்டியான ஓடு இரண்டிலும் கறுப்புதான், உள்ளே இருக்கும் மஜ்ஜையின் கொழுப்புத்தான் டி1இல் வெளுப்பாகத் தெரியும். வேகமாக இரத்தம் ஓடும் குழாய் ஸ்பின் எக்கோ என்ற வழக்கமான முறையில் எடுத்த படங்களில் கறுத்த ஓட்டையாக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டும் போகலாம்.

*

ஒரே நோயாளி, ஒரே மட்டம். ஆனால் மூன்று விதமாகக் காட்டுகிறார்கள், நுரையீரல் விண்டோ, எலும்பு விண்டோ என்று. மூன்று தடவை ஸ்கேன் செய்கிறார்களா?
– மாணவி, திண்டுக்கல்

ஒரே தடவைதான். சி.டி. இயந்திரம் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. அந்த அளவுகோலுக்கு இங்கிலாந்துப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர். அவர் உருவாக்கிய இயந்திரம் 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. 1979இல் ஆலன் கார்மாக்கோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் அளவுகோலில் தண்ணீர் 0, காற்று -1000. கொழுப்பு -100 சுற்றுவட்டாரம், தசை 50க்கு அக்கம்பக்கம், புதிதாகக் கசிந்து உறைந்த இரத்தம் 60 முதல் 80, கெட்டியான எலும்பு பல நூறு தாண்டும்.

இவ்வளவு எண்களையும் ஒரே சமயம் சாம்பல் நிறங்களாகக் காட்டினால் நம் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் தேவையான பகுதியை மட்டும் விரித்துக் காட்டுகிறோம். அதைத்தான் விண்டோ என்கிறோம். வயிற்றுக்கு அகலம் 400, நடு 40 வைத்தால் -160இலிருந்து 240 வரை உள்ளதுதான் சாம்பலாகத் தெரியும். அதற்கு மேல் எல்லாம் வெள்ளை, கீழ் எல்லாம் கறுப்பு. மூளைக்கு அகலம் 80, நடு 40. நுரையீரலுக்கு அகலம் 1500, நடு -600.

உடற்கூறியலோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. மண்டையோட்டை ஒட்டி மெல்லிசாக இரத்தம் கசிந்திருந்தால், மூளை விண்டோவில் இரத்தமும் எலும்பும் ஒரே வெள்ளையாகச் சேர்ந்துவிடும். அகலத்தை 200க்கு மேல் கொண்டுபோனால் இரண்டும் பிரியும். குடல் ஓட்டையாகி வயிற்றுக்குள் துளிக் காற்று கசிந்திருந்தால், வயிற்று விண்டோவில் கொழுப்பின் கருமையில் அது ஒளிந்துகொள்ளும். நுரையீரல் விண்டோவுக்கு மாற்றினால் தனியாகத் தெரியும். வயிற்றுப் படத்தையும் ஒரு தடவை நுரையீரல் விண்டோவில் பார்த்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

*

என் மகள் கதிரியல் படிக்கிறாள். குறுக்குவெட்டு அட்லஸ் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இலவசமாக ஏதாவது உண்டா?
– ஒரு தந்தை, விருதுநகர்

உண்டு ஐயா, கவலைப்படாதீர்கள். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்திய விசிபிள் ஹியூமன் திட்டத்தின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் அனுமதி ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2019 முதல் அதுவும் தேவையில்லை. முழுத் தொகுப்பும் மிகப் பெரியது. மகளை மார்பு, வயிறு என்று பகுதி பகுதியாகப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லூரி நூலகத்தில் அட்லஸ் ஒன்று கட்டாயம் இருக்கும். அதைப் பார்த்துக் கையால் வரையச் சொல்லுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. எது எதற்கு முன்னால், எது எதற்கு வலப்பக்கம் என்பது சரியாக இருந்தால் போதும். வரையும் கைக்கு ஞாபகம் அதிகம்.

அந்தப் படங்கள் எப்படி வந்தன என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். டெக்சாஸில் 1993இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒருவர் தன் உடலை அறிவியலுக்குத் தர ஒப்புக்கொண்டிருந்தார். கொலராடோ பல்கலைக்கழகத்தில் அந்த உடலை முதலில் சி.டி., எம்.ஆர்.ஐ. எடுத்து, பின் உறையவைத்து, ஒவ்வொரு மில்லிமீட்டராகச் சீவிச் சீவி, சீவிய பரப்பை ஒவ்வொரு தடவையும் படமெடுத்தார்கள். மொத்தம் 1,871 படங்கள். 1994 நவம்பரில் அவை வெளியாயின. மறு ஆண்டு ஒரு பெண்ணின் உடல், மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இடைவெளியில், ஐயாயிரத்துக்கும் அதிகமான படங்களாக வந்தது. சிறைக் கைதியின் சம்மதம் எவ்வளவு தூரம் சுதந்திரமானது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. நியாயமான கேள்விதான். அவருக்கு ஏற்கனவே குடல்வால் எடுக்கப்பட்டிருந்தது, அதனால் அந்தத் தொகுப்பில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது. உலகெங்கும் மாணவர்கள் படிக்கும் அந்தப் படங்களிலும் ஒரு தனி மனிதரின் வாழ்க்கை அப்படியே இருக்கிறது. நாம் மரியாதையோடு பார்க்க வேண்டும்.

உறையவைத்து வெட்டும் முறை இன்னும் பழையது. ரஷ்ய அறுவை மருத்துவர் பிரோகோவ் 1850களிலேயே பீட்டர்ஸ்பர்க்கில் உறைந்த உடல்களை ரம்பத்தால் மூன்று திசைகளிலும் அறுத்து அட்லஸாக வெளியிட்டார். உடலைத் திறந்தால் உறுப்புகள் சரிந்து இடம் மாறிவிடும், உறையவைத்தால் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது அவர் கண்டுகொண்டது. குறுக்கே, நெடுக்கே, பக்கவாட்டில் என்று இன்று கான்சோலில் நாம் பார்க்கும் அதே மூன்று திசைகள்.

*

ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட். டெக்னீஷியனுக்கு எதற்கு இவ்வளவு உடற்கூறியல்? ‘பட்டனை அழுத்தத் தெரிந்தால் போதும்’ என்று சீனியர் சொல்கிறார்.
– பயிற்சியில் இருப்பவர், வேலூர்

தம்பி, அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ரேடியாலஜிஸ்ட் பார்க்கும் படம் நீங்கள் எடுத்துக் கொடுப்பது. அதில் இல்லாததை அவரால் படிக்க முடியாது.

நுரையீரல் தமனியில் இரத்தக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராஸ்ட் வந்து சேர்வதைக் கண்காணிக்க, இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் பெருங்குழாயான பல்மனரி ட்ரங்க்கின் மேல் ஒரு சின்ன வட்டத்தை வைப்பது நீங்கள்தான். எண் குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் ஸ்கேன் கிளம்பும். அதே படத்தில், மேலேறும் அயோர்ட்டாவுக்கு வலப்பக்கம், தலை, கைகளின் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெருஞ்சிரையான எஸ்.வி.சி. இருக்கிறது. கையில் போட்ட கான்ட்ராஸ்ட் முதலில் அங்கேதான் கெட்டியாக வந்து சேரும். அயோர்ட்டா ஸ்கேனுக்கு வைத்த வட்டம் எஸ்.வி.சி.யின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அயோர்ட்டாவுக்கு மருந்து வருவதற்கு முன்பே இயந்திரம் ஓடி முடித்துவிடும். நோயாளிக்கு இன்னொரு முறை கதிர்வீச்சு, இன்னொரு முறை மருந்து. சிறுநீரகம் பலவீனமானவர் என்றால் அந்த இரண்டாவது டோஸைத் தரவே யோசிக்க வேண்டியிருக்கும்.

எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதும் உங்கள் கையில்தான். நுரையீரல் புற்றுநோய்க்கு மார்பு எடுக்கும்போது அட்ரீனல் சுரப்பிகள் வரை கீழே இறங்க வேண்டும், நோய் அங்கே பரவுவது வழக்கம். சிறுநீரகத்துக்கு மேலே, வலப்பக்கத்தில் ஐ.வி.சி.க்குப் பின்னால் மெல்லிய கோடாக இருக்கும் அந்தச் சுரப்பியை நீங்கள் அடையாளம் கண்டால்தான் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்களா என்று தெரியும்.

இன்னொன்று. நோயாளி மேசையிலிருந்து இறங்குவதற்கு முன் படத்தை முதலில் பார்ப்பவர் நீங்கள். அயோர்ட்டாவுக்குள் குறுக்கே ஒரு மெல்லிய திரை தெரிகிறது என்றால், ‘டாக்டர், கொஞ்சம் வாங்க’ என்று அப்போதே கூப்பிட வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் ஓர் உயிர் இருக்கிறது. நோயின் பெயரைச் சொல்வது உங்கள் வேலை இல்லை. நோயாளியிடமோ வீட்டாரிடமோ சொல்லவும் கூடாது. இது வழக்கம்போல இல்லை என்று கண்டுகொள்வது உங்கள் வேலை.

*

கான்சோலில் நல்ல கேஸ் வந்தால் போனில் படமெடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் படிக்கிறோம். தவறா?
– மாணவர்கள், நாகர்கோவில்

தவறு. படத்தின் மூலையில் பெயர், வயது, பதிவு எண் எல்லாம் இருக்கிறது. வெட்டிவிட்டோம் என்பீர்கள், ஒரு தடவை வெட்ட மறந்தால் போதும். தலை ஸ்கேனில் முப்பரிமாணமாகத் திருப்பினால் முகமே வந்துவிடும். துறைத்தலைவரிடம் எழுதிக் கேளுங்கள். பெயர் நீக்கிய ஸ்கேன்களைப் பாடத்துக்காகத் தனியாக எடுத்துவைத்துத் தரச் சொல்லுங்கள். போனில் எடுத்த ஒற்றைப் படம் படிப்புக்கும் உதவாது. உருட்ட முடியாத படத்தில் நீங்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு எங்கே போவீர்கள்?

*

அப்படியானால் செய்முறைத் தேர்வில் என்ன செய்வது? அங்கே ஒரே ஒரு படம்தான் காட்டுவார்கள். உருட்ட முடியாது. கை நடுங்குகிறது.
– இறுதி ஆண்டு மாணவி, புதுச்சேரி

வெள்ளையாகத் தெரியும் பெரிய உறுப்பை நோக்கி ஓடாதீர்கள். முதலில் ஓரத்தில் வலம் இடம் குறியைப் பாருங்கள். சிலருக்குப் பிறவியிலேயே உறுப்புகள் கண்ணாடிப் பிம்பம் போல இடம் மாறியிருக்கும். தேர்வாளர்களுக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். குறியைப் பார்க்காதவர் படத்தைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார். அடுத்து எந்த விண்டோ, கான்ட்ராஸ்ட் இருக்கிறதா என்று சொல்லுங்கள். அயோர்ட்டா மட்டும் பளிச்சென்றிருந்து சிறுநீரகத்தின் புறணி தனியாக மின்னினால் தமனிக் கட்டம். கல்லீரலும் போர்ட்டல் சிரையும் நன்றாக வெளுத்திருந்தால் போர்ட்டல் கட்டம்.

பிறகு மட்டம். நுரையீரலின் அடிப்பகுதி இன்னும் தெரிகிறதா? சிறுநீரகங்கள் வந்துவிட்டனவா? இடது சிறுநீரகச் சிரை குறுக்கே போகிறதா? அயோர்ட்டா ஒன்றாக இருக்கிறதா, இரண்டாகப் பிரிந்துவிட்டதா? இந்த நான்கு கேள்விகளில் வயிற்றின் எந்தப் படத்துக்கும் மட்டம் சொல்லிவிடலாம். சொல்லும்போது பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதுகெலும்பு, அதன் இரு பக்கம் சோயஸ் தசை, முன்னால் அயோர்ட்டாவும் ஐ.வி.சி.யும், பக்கத்தில் சிறுநீரகங்கள், அதற்கு முன்னால் கணையமும் டியோடினமும், பிறகு குடல், கடைசியில் வயிற்றுச் சுவரின் தசைகள். இந்த வரிசை இருந்தால் எதுவும் விட்டுப்போகாது, பதற்றமும் குறையும்.

தெரியாத ஒன்றைக் காட்டினால் ஊகித்துப் பெயர் சொல்லாதீர்கள். ‘ஐ.வி.சி.க்கு முன்னால், டியோடினத்துக்கு உள்பக்கம் இருக்கிறது, மேலும் கீழும் படம் இருந்தால் தொடர்ந்து பார்த்துச் சொல்வேன்’ என்று சொல்லுங்கள். நான் தேர்வாளராக உட்கார்ந்திருந்தபோது இப்படிச் சொன்ன மாணவர்களுக்கு மனதாரப் போட்டிருக்கிறேன். இல்லாததையும் பாருங்கள். கல்லீரலின் அடியில் பித்தப்பை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்து, அங்கே கண்ணைக் கூசும் வெள்ளையில் இரண்டு மூன்று சின்னக் கிளிப்புகள் தெரிந்தால், பித்தப்பை எடுக்கப்பட்டிருக்கிறது என்று அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.